இரண்டாம் பொத்தான்

பர்பேங்க்கில் விடிகாலை ஐந்தே காலுக்கு
எண்கள் வந்துவிடும்.
காபி இயந்திரம் கனைத்து முடிப்பதற்குள்
நேற்றிரவு யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்று
எனக்குத் தெரிந்திருக்கும்.
மேல்மாடிக்கு எட்டு மணிக்குத்தான் தெரியும்.
அதுவரை நான்
ஒரு சாவுச் செய்தியைக் கோட்டுப் பைக்குள் மடித்துக்கொண்டு
கார்களுக்கு நடுவே உலாத்துகிறவள்.

வியாழன் இரவு பத்து மணி, துறைமுகத்தில் நடக்கும் துப்பறியும் தொடர்.
முதல் வாரம் தொண்ணூறு லட்சம் பேர்.
ஆறாம் வாரம் நாற்பத்தொன்று.
துப்பறிபவளின் தங்கையால்தான் என்றார்கள்.
லாஸ் வேகஸில், சூதாட்டக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில்,
இலவச பஃபே சீட்டுக்காக உட்கார்ந்த முப்பத்தாறு பேர்
அவள் வாய் திறந்தபோதெல்லாம்
கையிலிருந்த குமிழை இடப்பக்கம் திருகினார்கள்.
திரையடியில் ஒரு பச்சைக்கோடு
படி தவறியவன்போல் விழுந்தது.
ஏழாம் வாரம் அவள் கார் ஆற்றில் இறங்கியது.
நடித்த பிரிசில்லா ஓஸ்ட்ராண்டர்
வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தாள்.
எட்டாம் வாரம் கடிதங்கள்:
ஏன் கொன்றீர்கள், எங்களுக்கு அவளை மட்டும்தான் பிடிக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு பேர், சிலர் பச்சை மையில்.
எழுதுகிறவர்களை நாங்கள் எண்ணுவதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்.
பானை பதினோரு கோடி வீடு,
நாங்கள் நசுக்கிப் பார்ப்பது சில ஆயிரம் பருக்கை.
ஒவ்வொன்றின் தலையிலும் இருபதாயிரம் வீட்டின் பாரம்.
தொலைக்காட்சிமேல் ஒரு கறுப்புப் பெட்டி,
ஆளுக்கொரு பொத்தான்.
உட்கார்ந்தால் அழுத்து. எழுந்தால் அழுத்து.

40713 அப்படி ஒரு பருக்கை.
பெயர் கேட்கக்கூடாது, விதி.
டுலுத், மின்னசோட்டா. இரண்டு பேர். அறுபது கடந்தவர்கள்.
தாளில் அவ்வளவுதான்.
அவளுக்கு வெர்னா என்று நான்தான் பெயர் வைத்தேன்,
அவனுக்கு ஆரின்.

பத்து மணிக்கு ஒன்றாம் பொத்தான் எரியும்.
பதினோரு நொடி கழித்து இரண்டாவது.
ஒவ்வொரு வியாழனும், அதே பதினொன்று.
ஓர் ஆண்பிள்ளை ஒரு முறையாவது தாமதிப்பான்,
விளம்பர இடைவேளையில் குளியலறைக்குப் போவான்,
ஐஸ் ஹாக்கிக்கு மாற்று என்று மல்லுக்கு நிற்பான்.
இவன் அசைவதேயில்லை.

ஆரின் அந்த அறையில் இல்லை.
உறைந்த ஏரிமேல் மரக்குடிலில்
துளைக்குள் தூண்டில் விட்டிருக்கலாம்.
மாடியில் குறட்டை விடலாம்.
டல்லாஸில், வேறொருத்தியின் சோபாவில்,
வேறு ஏதோ பார்க்கலாம்.
வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள்,
தன் பொத்தானை அழுத்துகிறாள்,
கொஞ்சம் யோசித்து
அவனுடையதையும்.
தனியாகப் பார்க்கிறாள் என்று
எண்ணுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமே.

எண்ணுகிறவள் நான்தான், வெர்னா.

சந்தேகத்துக்குரிய வீடுகளுக்கு ஒரு படிவம் உண்டு,
நீல நிறம், இரண்டு பக்கம்.
நான் நிரப்பவில்லை.
ஐம்பத்தைந்து கடந்த இருபதாயிரம் ஆண்கள்
உன் ஆள்காட்டி விரலில் பிறந்தவர்கள்.
பல்செட் பசை விற்கிறவன் அவர்களை நம்பி
அரை நிமிடம் விலைக்கு வாங்கியிருந்தான்.
அவர்களும் போதவில்லை.
பிப்ரவரியில் தொடரை நிறுத்தினார்கள்.
மக்கள் தீர்ப்பு, என்றார் கெஸிங்கர், பேகலில் சீஸ் தடவிக்கொண்டே.

அடுத்த வியாழன் அதே பத்து மணிக்கு நடனப் போட்டி,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், ஜிகினா சட்டை.
40713-ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன்.
பத்து மணி, ஒன்று.
பதினோரு நொடி, இரண்டு.
பத்து நான்குக்கு ஒன்று அணைந்தது.
இரண்டை அணைக்க மறந்துவிட்டாள்.
அல்லது மறக்கவில்லை.

எண்கள் எனக்கு வந்து சேர்ந்தபோது
டுலுத்தில் ஏழே கால், பனி கொட்டிக்கொண்டிருக்கும்.
இரண்டாம் பொத்தான் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.
ஆண்களிடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது, என்றார் கெஸிங்கர்.
ஆமாம், என்றேன்.
எழுந்தே போகவில்லை.